நகரத்தின் பாதசாரி ஆலோசனைக் குழுவில் தன்னார்வலராகச் சேர்வது: தொடக்க நிலை விளக்கம்

ஒரு சிக்னலில் பாதசாரிகளுக்கான விளக்கு எத்தனை வினாடி எரிய வேண்டும் என்பதை யாரோ ஒருவர் என்றோ உட்கார்ந்து கணக்குப் போட்டு முடிவு செய்திருக்கிறார். நடைபாதையின் அகலம், தெருமுனையின் வளைவு, விளக்குக் கம்பம் நிற்கும் இடம், சாலையின் வேக வரம்பு எல்லாமே அப்படி எடுக்கப்பட்ட முடிவுகள்தான். பெரும்பாலும் நகரப் போக்குவரத்துத் துறையின் பொறியாளர்கள் எடுத்தவை. அவர்கள் திறமையானவர்கள், நல்ல எண்ணம் உள்ளவர்கள். ஆனால் அவர்கள் மேசைக்கு வரும் எண்களில் பெரும்பகுதி வாகனங்களைப் பற்றியது. மணிக்கு எத்தனை கார்கள் போகின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது அவர்களிடம் இருக்கும். ஒரு வயதான அம்மா எந்த முனையில் தயங்கி நிற்கிறார், எந்தப் பள்ளிக் குழந்தை எந்தச் சாலைக்குப் பயந்து சுற்று வழியில் போகிறது என்பது இருக்காது.

அந்தத் தகவலை மேசைக்குக் கொண்டுபோக ஏற்படுத்தப்பட்டதுதான் பாதசாரி ஆலோசனைக் குழு. நகர மன்றமோ மேயரோ அமைக்கும் சிறிய குழு இது. சம்பளம் இல்லாத பொதுமக்கள் இதில் இருப்பார்கள். பொதுவாக மாதம் ஒருமுறை கூடி, நடப்பவர்களின் பாதுகாப்பைத் தொடும் திட்டங்களைப் பார்த்து, தங்கள் கருத்தை எழுத்தில் தருவார்கள். அமெரிக்க நகரங்களில் இந்த வழக்கம் நன்றாக வேரூன்றியிருக்கிறது. சியாட்டில் நகர மன்றம் 1993-இலேயே தீர்மானம் போட்டு இப்படி ஒரு குழுவை அமைத்தது. சான் பிரான்சிஸ்கோ, போர்ட்லாந்து, ஓக்லாந்து நகரங்களும் இப்படிக் குழுக்களை அமைத்தன. சில ஊர்களில் பாதசாரிகளுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் சேர்த்து ஒரே குழு.

இப்படி ஒரு குழு தேவையா என்று கேட்பவர்களுக்கு உலகக் கணக்கு ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலைகளில் இறக்கிறார்கள். அவர்களில் 23 சதவீதம் பேர் நடந்து போனவர்கள். 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமே சாலை விபத்துதான். அமெரிக்காவில் 2009-இல் 4,109 பாதசாரிகள் இறந்தார்கள். 2022-இல் அது 7,500-ஐத் தாண்டியது. காருக்குள் இருப்பவரைக் காக்க இருக்கைப் பட்டை, காற்றுப் பை எல்லாம் வந்துவிட்ட பிறகுதான் காருக்கு வெளியே இருப்பவரின் நிலை இவ்வளவு மோசமானது.

குழுவுக்கு என்ன அதிகாரம்?

நேராகச் சொல்லிவிடுகிறேன்: கட்டளையிடும் அதிகாரம் எதுவும் இல்லை. ஒரு வேகத்தடை போடச் சொல்லி உத்தரவு பிறப்பிக்க முடியாது. பணம் ஒதுக்க முடியாது. பொறியாளரின் வரைபடத்தைத் தள்ளுபடி செய்ய முடியாது. இது தெரியாமல் சேர்கிறவர்கள் ஆறு மாதத்தில் மனம் வெறுத்து விலகிவிடுகிறார்கள். பெயரிலேயே ஆலோசனை என்று இருக்கிறது, கேட்பதும் கேட்காததும் அவர்கள் விருப்பம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. இந்தக் குழுவுக்கு மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன, அவை சாதாரணக் குடிமகனுக்கு எளிதில் கிடைக்காதவை. முதலாவது, திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே அதைப் பார்க்கும் வாய்ப்பு. இரண்டாவது, கேள்வி கேட்டால் துறை அதிகாரி எதிரே உட்கார்ந்து பதில் சொல்லும் நிலை. மூன்றாவது, கேட்டதும் பதிலும் கூட்டக் குறிப்பில் ஏறி, பொதுப் பதிவாக நிலைத்துவிடுவது. “அந்த முனை ஆபத்தானது என்று குழு எழுதிக் கொடுத்திருந்தது, துறை மறுத்தது” என்ற வரி ஒரு கோப்பில் இருந்தால், அடுத்த முறை அதே இடத்தில் விபத்து நடக்கும்போது அந்த வரியை யாரும் அழிக்க முடியாது. நகர மன்ற உறுப்பினர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் அது கைக்கு எட்டும். அதிகாரிகளுக்கும் இது நன்றாகவே தெரியும்.

ஆகவே இந்தக் குழுவின் பலம் இரண்டு இடத்தில் இருக்கிறது. எப்போது கேட்கிறோம் என்பதிலும், எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறோம் என்பதிலும். கீழே நான் சொல்லப்போவது பெரும்பாலும் இந்த இரண்டைப் பற்றித்தான்.

யார் உட்காருகிறார்கள்?

சியாட்டில் குழுவில் 11 பேர். மற்ற ஊர்களில் கொஞ்சம் கூடும், குறையும். ஒருவரின் பதவிக்காலம் பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஆண்டு. பொறியியல் பட்டம் தேவையில்லை. உண்மையில் குழு முழுக்கப் பொறியாளர்களாக இருந்தால் அந்தக் குழுவின் பயனே பாதியாகிவிடும். சக்கர நாற்காலியில் செல்பவர், பார்வையற்றவர், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிப் போகும் பெற்றோர், இரவு வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பவர், கார் ஓட்டவே தெரியாதவர் என்று பலவகை மனிதர்கள் இருக்கும்போதுதான் அது வேலை செய்கிறது. சியாட்டிலில் 18 முதல் 29 வயதுள்ளவர்களுக்கென்றே நகரக் குழுக்களில் ஓராண்டு இடம் ஒதுக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. நல்ல ஏற்பாடு. இப்படிப்பட்ட குழுக்களில் ஓய்வுபெற்றவர்களும் சொந்த வீடு உள்ளவர்களுமே நிறைந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. மாலை ஆறு மணிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிகிறவர்கள் அவர்கள்தானே. ஆனால் அதிகமாக நடப்பவர்கள் அவர்கள் அல்ல.

ஒரு கூட்டம் எப்படி நடக்கும்?

தலைவர் கூட்டத்தைத் தொடங்குவார், கோரம், அதாவது கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, இருக்கிறதா என்று பார்ப்பார், போன கூட்டத்தின் குறிப்பு ஏற்கப்படும். பிறகு பொதுமக்கள் பேசுவார்கள், ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். அப்புறம் துறையிலிருந்து ஒருவரோ இருவரோ வந்து ஒரு திட்டத்தைத் திரையில் காட்டி விளக்குவார்கள். குழு கேள்வி கேட்கும். தேவைப்பட்டால் ஒரு கடிதம் எழுதத் தீர்மானிக்கும், வாக்கெடுக்கும். அவ்வளவுதான். முதல் இரண்டு மூன்று கூட்டங்களில் சுருக்கப் பெயர்களே பாதி புரியாது. தயங்காமல் நிறுத்திக் கேளுங்கள். உங்களுக்குப் புரியாதது பார்வையாளர் வரிசையில் இருப்பவருக்கும் புரிந்திருக்காது.

இந்தக் கூட்டங்கள் திறந்த கூட்டங்கள் என்பதை மறக்கக் கூடாது. கலிஃபோர்னியாவில் 1953-இல் வந்த பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைக் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன்பே பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும். நிரலில் இல்லாததைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. உறுப்பினர்களில் பெரும்பான்மையானவர்கள் கூட்டத்துக்கு வெளியே, மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ கூட, குழுவின் வேலையைப் பேசி முடிவுக்கு வரக் கூடாது. ஒருவர் இன்னொருவரிடம், அவர் மூன்றாமவரிடம் என்று சங்கிலியாகப் பேசினாலும் அதே தவறுதான். பிற மாநிலங்களிலும் இதுபோன்ற சட்டங்கள் உண்டு. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். உற்சாகத்தில் எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சலில் பதில் அனுப்பத் தோன்றும். அனுப்பாதீர்கள். குழுவின் கருத்துக்கு மதிப்பு வருவதே அது எல்லோர் கண்முன்னும் உருவாவதால்தான்.

அதேபோல, உங்கள் வீட்டையோ தொழிலையோ தொடும் திட்டம் வந்தால் அதைச் சொல்லிவிட்டு வாக்களிப்பதிலிருந்து விலகி நிற்க வேண்டியிருக்கலாம். இதற்கான விதி ஊருக்கு ஊர் மாறும். சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எப்போது கேட்பது?

ஒரு சாலைத் திட்டம் வரைபட நிலையில் பல படிகளைத் தாண்டி வரும். பொறியாளர்கள் அதைச் சதவீதத்தில் சொல்வார்கள்: 10 சதவீத வரைபடம், 30 சதவீதம், 60, 90, பிறகு ஒப்பந்தப்புள்ளி. 10 சதவீதத்தில் சாலையில் எத்தனை தடங்கள், நடைபாதை எவ்வளவு அகலம் என்பதெல்லாம் பேச்சில்தான் இருக்கும். 30-இல் அவை கோடுகளாக வரையப்பட்டிருக்கும், ஆனால் இன்னும் மாற்றலாம். 60-இல் மழைநீர்க் குழாய், மின்கம்பம், வடிகால் எல்லாம் அந்தக் கோடுகளைச் சார்ந்து அமைந்துவிடும். 90 சதவீதத்தில் போய்த் தெருமுனையை மாற்றச் சொல்வது, தைத்து முடித்த சட்டைக்கு அளவு சொல்வதைப் போன்றது. அதிகாரி மரியாதையாகக் கேட்டுக்கொள்வார், “அடுத்த திட்டத்தில் கவனத்தில் வைக்கிறோம்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவரால் முடிந்தது அதுதான்.

எனவே குழுவில் சேர்ந்ததும் செய்ய வேண்டிய மிகப் பயனுள்ள வேலை, வரப்போகும் திட்டங்களின் பட்டியலைக் கேட்டு வாங்குவது. அதிலும் குறிப்பாகத் தார் மறுபூச்சுப் பட்டியல். எந்தெந்தச் சாலைக்கு எந்த ஆண்டு புதிதாகத் தார் போடப் போகிறார்கள் என்பதை நகரம் முன்கூட்டியே வகுத்திருக்கும். தார் போட்டால் கோடுகளை எப்படியும் புதிதாகத்தான் போட வேண்டும். பழைய கோடுகளையே திரும்பப் போடலாம். அல்லது நான்கு தடச் சாலையை மூன்றாகக் குறைத்து, நடுத்தடத்தைத் திரும்பும் வண்டிகளுக்கு விட்டு, மிச்ச இடத்தை ஓரத்துக்குத் தரலாம். இரண்டுக்கும் பெயிண்ட் செலவு பெரிதாக வேறுபடாது. அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகத்தின் கணக்கில், இப்படித் தடம் குறைத்த சாலைகளில் மொத்த விபத்துகள் 19 முதல் 47 சதவீதம் வரை குறைந்திருக்கின்றன. ஆனால் தார் வண்டி வருவதற்கு ஓராண்டுக்கு முன்பாவது இதைக் கேட்டிருக்க வேண்டும். வந்தபின் கேட்டால் அடுத்த சுற்றுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டு காத்திருக்க நேரலாம்.

எதைக் கேட்பது?

“இந்தச் சாலையைப் பாதுகாப்பாக ஆக்குங்கள்” என்று கேட்டால் “அதற்குத்தான் முயல்கிறோம்” என்ற பதில் வரும், அத்தோடு முடிந்தது. அளந்து பதில் சொல்லக்கூடிய கேள்வி வேண்டும். அதற்குச் சில அடிப்படைகள் தெரிந்திருந்தால் போதும்.

வேகத்திலிருந்து தொடங்குவோம். மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது இது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ-வின் போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மணிக்கு சுமார் 37 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் வண்டியால் அடிபடும் பாதசாரி இறக்கும் வாய்ப்பு 10 சதவீதம். 51 கிலோமீட்டரில் அது 25 சதவீதம். 68-இல் 50 சதவீதம். ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு உடம்பில் உறைப்பதே இல்லை. அகலமான, நேரான, மரமில்லாத சாலையில் 50-ம் 65-ம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். வேக வரம்புப் பலகையை மட்டும் மாற்றினால் கொஞ்சம் பயன் இருக்கலாம், ஆனால் சாலையின் வடிவம் வேகமாகப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தால் கால் அதைத்தான் கேட்கும். ஆகவே “இந்தச் சாலையில் வண்டிகள் உண்மையில் என்ன வேகத்தில் போகின்றன, வடிவமைப்பு எந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டது?” என்று கேளுங்கள். இரண்டுக்கும் எண் இருக்கும், இல்லையென்றால் எடுக்கச் சொல்லலாம்.

அடுத்து சிக்னல். பாதசாரிக்கான விளக்கு முதலில் நடக்கலாம் என்று காட்டும், பிறகு எண்கள் இறங்கியபடி மின்னத் தொடங்கும். மின்னும் நேரத்தில் புதிதாக இறங்கக் கூடாது, ஏற்கெனவே இறங்கியவர் கடந்து முடிக்கலாம். அந்த மின்னும் நேரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அமெரிக்க விதிப்படி ஒருவர் வினாடிக்கு 3.5 அடி, அதாவது சுமார் 1.07 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்கிறார்கள். சாலை 15 மீட்டர் அகலம் என்றால் 14 வினாடி. ஆனால் கைத்தடி ஊன்றி நடக்கும் ஒருவரால் வினாடிக்கு 0.8 மீட்டர்தான் முடிகிறது என்றால் அவருக்கு ஏறக்குறைய 19 வினாடி வேண்டும். கடைசி நொடியில் இறங்கியிருந்தால், கணக்குப் போட்ட 14 வினாடி முடியும்போது அவருக்கு இன்னும் ஏறக்குறைய 4 மீட்டர் மிச்சம் இருக்கும். அது ஒரு முழுத் தடத்தை விடவும் அதிகம். மெதுவாக நடப்பவர்கள் வழக்கமாக வரும் இடங்களில் இன்னும் குறைந்த வேகத்தை வைத்துக் கணக்கிட அதே விதியே இடம் தருகிறது. முதியோர் இல்லம், மருத்துவமனை, பள்ளி பக்கத்தில் இருக்கும் சிக்னல்களுக்கு “இங்கே எந்த நடை வேகத்தை எடுத்தீர்கள்?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். இதை மாற்றச் சாலையைத் தோண்ட வேண்டியதில்லை, சிக்னல் பெட்டியில் ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

சிக்னலிலேயே இன்னொன்று. வண்டிகளுக்குப் பச்சை வருவதற்கு 3 முதல் 7 வினாடி முன்பே பாதசாரிக்கு வழி விடுவது. திரும்பும் வண்டி நகரத் தொடங்கும்போது நடப்பவர் ஏற்கெனவே நடுவில், ஓட்டுநரின் கண்ணெதிரே இருப்பார். நெடுஞ்சாலை நிர்வாகத்தின் கணக்கில் இது சந்திப்புகளில் பாதசாரிகள் மீது வண்டி மோதும் விபத்துகளை 13 சதவீதம் குறைக்கிறது. செலவு மிகக் குறைவு. உங்கள் நகரில் எத்தனை சிக்னல்களில் இது இருக்கிறது, மீதமுள்ளவற்றில் ஏன் இல்லை என்று கேட்பது புது உறுப்பினருக்கு நல்ல முதல் கேள்வி.

பிறகு தெருமுனை. வரைபடத்தில் முனையின் வளைவு எவ்வளவு பெரியது என்று பாருங்கள். வளைவு பெரிதாக இருந்தால் வண்டி வேகத்தைக் குறைக்காமலே திரும்பும், நடப்பவர் கடக்க வேண்டிய தூரமும் கூடும். “லாரி திரும்ப வேண்டும்” என்று பதில் வரும். எந்த அளவு லாரி, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். வாரம் ஒருமுறை வரும் பெரிய லாரிக்காகத் தினமும் நடக்கும் ஆயிரம் பேரின் முனையை அகலமாக்குவது சரியா என்பது பொறியியல் கேள்வியே இல்லை. அது எதற்கு முன்னுரிமை என்ற கேள்வி, அதைக் கேட்கப் பொதுமக்களுக்கு முழு உரிமை உண்டு.

கடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்தவிடாமல் பார்வையைத் திறந்து வைப்பதும் முனையைச் சேர்ந்ததுதான். நிறுத்தியிருக்கும் வேனுக்குப் பின்னாலிருந்து குழந்தை இறங்கினால் ஓட்டுநருக்குத் தெரியாது. கலிஃபோர்னியாவில் 2024 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், கடக்கும் இடத்தை வண்டிகள் அணுகும் பக்கத்தில் 20 அடிக்குள், அதாவது சுமார் 6 மீட்டருக்குள், வண்டி நிறுத்தத் தடை விதிக்கிறது. நியூ ஜெர்சியின் ஹோபோக்கன் நகரம் இந்த வேலையை முனை முனையாகச் செய்தது. 2017 தொடங்கி ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஊரில் சாலை விபத்தில் ஒருவரும் இறக்கவில்லை. வேக வரம்பைக் குறைத்தது உள்படப் பல காரணங்கள் சேர்ந்துதான் அப்படி ஆனது. ஆனால் முனைகளைத் திறந்து வைத்தது அதில் பெரிய பங்கு என்று அந்த நகரமே சொல்கிறது.

பல தடங்கள் உள்ள சாலையில் சிக்னல் இல்லாத கடப்பு, அதாவது கடக்கும் இடம், இருந்தால் ஒரு குறிப்பிட்ட ஆபத்தைத் தேடுங்கள். முதல் தடத்துக் கார் நல்ல மனத்தோடு நின்று வழி விடும். அந்தக் கார் மறைப்பதால் இரண்டாம் தடத்தில் வருபவருக்கு நடப்பவர் தெரியமாட்டார். வழி கிடைத்தது என்று நம்பி நடப்பவர் நேராக அந்த இரண்டாம் தடத்து வண்டியின் முன்னே போவார். நிற்க வேண்டிய கோட்டைக் கடப்பிலிருந்து பல மீட்டர் பின்னால் தள்ளிப் போட்டால் பார்வை திறக்கும். நடுவில் நின்று மூச்சு விடும் திட்டு வைத்தால் ஒரு நேரத்தில் ஒரு பக்க வண்டிகளை மட்டும் பார்த்தால் போதும். நெடுஞ்சாலை நிர்வாகக் கணக்கில் அப்படிப்பட்ட திட்டு பாதசாரி விபத்துகளை 56 சதவீதம் குறைக்கிறது.

வெளிச்சம், நடைபாதைச் சரிவு, பார்வையற்றோருக்கான புள்ளித் தளம், கட்டுமான வேலை நடக்கும்போது மாற்று வழி விடுகிறார்களா என்பதெல்லாமும் கேட்க வேண்டியவையே. கட்டுமான வேலியால் நடைபாதை மூடப்படுவதைக் குழுக்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. “எதிர்ப்பக்கம் செல்லவும்” என்ற ஒரு பலகை வைத்தால் கடமை முடிந்தது என்று ஒப்பந்தக்காரர் நினைத்துவிடுகிறார். எதிர்ப்பக்கம் போகப் பாதுகாப்பான கடப்பு இருக்கிறதா என்று பார்ப்பவர் யாரும் இல்லை. அது மாதக்கணக்கில் நீடிக்கும்.

நடந்து பார்ப்பது

வரைபடம் மட்டும் போதாது. திட்டம் வரும் சாலையைக் கூட்டத்துக்கு முன்பே போய் நடந்து பாருங்கள். பகலில் ஒருமுறை, இருட்டியபின் ஒருமுறை. முடிந்தால் சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரோடும், சிறு குழந்தை ஒன்றோடும். குழந்தையின் கண் உயரத்தில் குனிந்து நின்று பார்த்தால் நிறுத்தியிருக்கும் கார்கள் சுவர் மாதிரி தெரியும். கையில் அளவு நாடா ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதை அகலமாக இருக்கிறது என்பீர்கள், ஆனால் கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் உண்மையான அகலம். புல்வெளியில் கால் பட்டுத் தேய்ந்த ஒற்றையடித் தடம் இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள் உண்மையில் எங்கே நடக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. அங்கே கடப்பு இல்லை என்பதற்காக மக்களைக் குறை சொல்லும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பேருந்து நிறுத்தம் இந்தப் பக்கம், கடை அந்தப் பக்கம், அருகிலுள்ள சிக்னல் 400 மீட்டர் தள்ளி என்றால் யாரும் குறுக்கேதான் நடப்பார்கள். நிறுத்தத்தை வைத்த இடமும் கடப்பை வைக்காத இடமும்தான் அங்கே சரிசெய்யப்பட வேண்டியவை.

சுவீடன் நாடாளுமன்றம் 1997-இல் ஏற்றுக்கொண்ட ‘விஷன் ஸீரோ’ (சாலை மரணமே இல்லாத நிலை என்ற இலக்கு) கொள்கையின் மையக் கருத்தும் இதுதான். மனிதர் தவறு செய்வார், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகக் கூடாது, அதற்குத் தகுந்தபடி சாலையை அமைப்பது வடிவமைப்பவரின் பொறுப்பு. அப்போது பலருக்கும் இது கனவாகத் தெரிந்தது. 2019-இல் ஆஸ்லோ நகரில் ஒரு பாதசாரியோ மிதிவண்டிக்காரரோ சாலையில் இறக்கவில்லை. அதே ஆண்டு ஹெல்சின்கியிலும் பாதசாரி மரணம் ஒன்றுகூட இல்லை. இரண்டும் லட்சக்கணக்கானவர்கள் வாழும் தலைநகரங்கள். பல நகரங்கள் இதே கொள்கையை அறிவித்துவிட்டு மரண எண்ணிக்கையைக் குறைக்க முடியாமல் நிற்கின்றன என்பதும் உண்மை. அறிவிப்பதற்கு ஒரு தீர்மானம் போதும், தடத்தைக் குறைப்பதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவை மன்ற உறுப்பினர்களுக்குத் தருவது குழுவின் வேலையில் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன். “கார்காரர்கள் கோபப்படுவார்கள்” என்று அவர்கள் தயங்கும்போது, நகரமே நியமித்த ஒரு குழு எழுத்தில் ஆதரவு தந்திருந்தால் அவர்கள் சாய்ந்துகொள்ள அது ஒரு தூண்.

கடிதம் எழுதுவது

குழுவின் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எந்தத் திட்டம், எந்த நிலையில் பார்த்தோம், என்ன மாற்றம் கேட்கிறோம், ஏன், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். இவ்வளவு போதும். பத்துக் கோரிக்கைகளை அடுக்கினால் அவற்றில் எளிதான இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவார்கள். முக்கியமானது ஒன்றையோ இரண்டையோ கேளுங்கள். நல்லது செய்திருந்தால் அதையும் எழுதுங்கள். நடைபாதையை அகலமாக்கப் போராடி வென்ற இளம் பொறியாளருக்கு அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்திருக்கும். குழுவின் ஒரு பாராட்டு வரி அவருக்கு அடுத்த திட்டத்தில் கைகொடுக்கும்.

கேட்டவற்றையும் வந்த பதில்களையும் ஓர் அட்டவணையில் ஏற்றி வையுங்கள். உறுப்பினர்கள் மாறுவார்கள், அதிகாரிகளும் மாறுவார்கள். மூன்று ஆண்டுக்கு முன் “அடுத்த நிதியாண்டில் செய்கிறோம்” என்று சொன்னது யாருக்கும் நினைவிருக்காது. அட்டவணைக்கு நினைவிருக்கும்.

சேர விரும்பினால்

சில குழுக்கள் பெயருக்கு மட்டும் இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். திட்டங்கள் முடிந்தபின் தகவலுக்காக மட்டும் கொண்டுவந்து காட்டுவார்கள், கேள்விக்குப் பதில் வராது, கோரம் இல்லாமல் கூட்டங்கள் தள்ளிப்போகும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, விண்ணப்பிப்பதற்கு முன் கடந்த ஓராண்டின் கூட்டக் குறிப்புகளைப் படிப்பது. அவை பொதுப் பதிவுகள், நகரத்தின் இணையதளத்தில் இருக்கும். குழு எழுதிய கடிதங்கள் எத்தனை, எதற்காவது துறை பதில் எழுதியிருக்கிறதா, ஏதாவது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பெயருக்கு இருக்கும் குழு என்று தெரிந்தாலும் சேரக் கூடாது என்பதில்லை. நிகழ்ச்சி நிரலை அமைப்பது தலைவர். 30 சதவீத நிலையிலேயே திட்டங்களைக் கொண்டுவர வேண்டும் என்று துறையிடம் எழுதிக் கேட்பதே அப்படிப்பட்ட குழுவின் முதல் வேலையாக இருக்கலாம்.

அடுத்து, ஒன்றிரண்டு கூட்டங்களுக்குப் பார்வையாளராகப் போங்கள். பொதுமக்கள் நேரத்தில் எழுந்து உங்களுக்குத் தெரிந்த ஓர் இடத்தைப் பற்றிப் பேசுங்கள். குழுவினருக்கு முகம் பழகிவிடும், உங்களுக்கும் இது ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

விண்ணப்பத்தில் பட்டங்களைவிட உங்கள் நடையைப் பற்றி எழுதுங்கள். எந்தப் பகுதியில் எந்த நேரத்தில் நடக்கிறீர்கள், யாருடன் நடக்கிறீர்கள், எந்த இடத்தில் என்ன பார்க்கிறீர்கள். “பாதசாரி பாதுகாப்பில் ஆர்வம் உண்டு” என்று எல்லோரும் எழுதுவார்கள். “எங்கள் நூலகத்துக்கு எதிரே உள்ள கடப்பில் மாலையில் விளக்கு எரிவதில்லை, அந்த நேரத்தில்தான் குழந்தைகள் வெளியே வருகிறார்கள்” என்று எழுதுபவரைத் தேர்வு செய்பவர்கள் மறக்கமாட்டார்கள். நேர்காணல் இருக்கலாம், சில ஊர்களில் மேயரின் நியமனத்தை நகர மன்றம் உறுதி செய்ய வேண்டியிருக்கலாம். அதற்குச் சில மாதங்கள் ஆகும். மொழிபெயர்ப்பாளர், சைகை மொழி, குழந்தை பராமரிப்பு, இணையவழி பங்கேற்பு ஏதாவது தேவைப்பட்டால் விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். இடம் இப்போது காலியாக இல்லையென்றால் அடுத்த நியமனம் எந்த மாதம் என்று குழுவின் துறைத் தொடர்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை பார்வையாளர் வரிசை திறந்தே இருக்கிறது, அங்கிருந்து பேசுவதும் கூட்டக் குறிப்பில் ஏறும்.